வீடு விடுதியாகும்போது...

மாத வாடகைக்கு விடப்பட்ட வீட்டில் ஒரு குடும்பம் வாழ்கிறது. அதே வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், அங்கே பயணிகள் வந்து தங்கிச் செல்கிறார்கள். சுவரும் கூரையும் அப்படியே இருந்தாலும் முன்னது குடியிருப்பு, பின்னது விடுதி. ஒரு காலத்தில் குடியிருப்பை விடுதியாக மாற்றுவதற்குப் பெரும் முதலீடும் பல துறைகளின் அனுமதியும் தேவைப்பட்டன. இன்று நான்கைந்து புகைப்படங்களும் ஒரு வங்கிக் கணக்கும் போதும். முன்பதிவு இணையதளம் ஒன்றில் ஓரிரு மணி நேரத்தில் வீடு விடுதியாகிவிடுகிறது.

2008-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி நிறுவனம் இந்தத் தொழிலை உலகெங்கும் பரப்பியது. வீட்டைக் குறுகிய காலத்துக்கு இவ்வாறு வாடகைக்கு விடுவோர் அரசிடம் உரிமமோ பதிவு எண்ணோ பெற வேண்டுமா என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே பரவியது. நியூயார்க், பார்சிலோனா, பாரீஸ், எடின்பரோ எனப் பல நகரங்களும், ஜப்பான் போன்ற நாடுகளும் 'வேண்டும்' என்று விடை கூறிவிட்டன.

ஆனால், விதி வகுத்த எல்லா இடங்களிலும் ஒரே பலன் கிட்டவில்லை. சில நகரங்களில் விதி பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே இருந்தது. வேறு சில இடங்களில் சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கான வீடுகள் முன்பதிவுப் பட்டியலிலிருந்து மறைந்தன. அபராதத் தொகையின் அளவைக் கொண்டு மட்டும் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. உரிமம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் கடமை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதில்தான் விளக்கம் இருக்கிறது. நியூயார்க் நகரின் அனுபவம் இதற்குத் தக்க சான்று.

அந்த அனுபவத்துக்குள் செல்லும் முன், உரிமம் எதற்காக என்பதைப் பார்த்துவிடலாம். 'என் வீட்டில் யாரைத் தங்கவைப்பது என்பது என் விருப்பம். இதில் அரசுக்கு என்ன வேலை?' என்று உரிமையாளர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொத்துரிமை என்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமன்று. இருப்பினும், அரசு தலையிட மூன்று காரணங்களைப் பொருளியல் சுட்டிக்காட்டுகிறது.

முதலாவது, பாதுகாப்பு. தங்க வருபவருக்கு வீட்டின் உள்நிலை தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியும். இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வை முன்பதிவு தளங்கள் நட்சத்திர மதிப்பீடுகளால் ஓரளவு சரிசெய்கின்றன. படுக்கை விரிப்பு தூய்மையாக இருந்ததா, வீட்டுக்காரர் கனிவாகப் பேசினாரா என்பதை முன்பு தங்கியவர்கள் சொல்லிவிடுவார்கள். சமையல் எரிவாயுக் குழாயில் கசிவு உண்டா, தீப்பற்றினால் புகை எச்சரிக்கைக் கருவி ஒலிக்குமா என்பதை அவர்களால் சொல்ல முடியாது. விபத்து நேரும்வரை தெரியவராத குறைகளைச் சந்தை தானாகக் களைவதில்லை. எனவேதான், விடுதிகளுக்குத் தீயணைப்புத் துறையின் சான்றை அரசுகள் கட்டாயமாக்கின.

இரண்டாவது, அண்டை வீட்டார். நள்ளிரவில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு படியேறும் பயணிகளால் வீட்டுக்காரருக்கு வருமானம் கிடைக்கிறது. எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடுகிறது. ஒருவரின் வணிகத்தால் அதில் தொடர்பில்லாத மூன்றாமவர் மீது விழும் இத்தகைய சுமையைப் பொருளியலார் 'புறவிளைவு' என்பர். பேரம் பேசும் இடத்திலேயே இல்லாதவரின் இழப்பு, பேசி முடிக்கப்படும் விலையில் சேராது.

மூன்றாவதும் இன்றைய விவாதத்தின் மையமானதும் வீட்டுவசதி. நாள் வாடகையில் மாதத்துக்குப் பதினைந்து நாள்கள் வீடு நிரம்பினாலே மாத வாடகையைவிடக் கூடுதல் வருவாய் கிட்டும் என்றால், உரிமையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயமில்லை. பல உரிமையாளர்கள் அவ்வாறே தேர்ந்தெடுத்தால், குடியிருக்க வீடு தேடுவோருக்குக் கிடைக்கும் வீடுகள் குறையும், வாடகை உயரும். வாடகை வீடுகளின் பற்றாக்குறையைத் தடுப்பது முன் அனுமதி முறையை நியாயப்படுத்தப் போதுமான பொதுநலக் காரணம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பாரீஸ் நகர வழக்கு ஒன்றில் 2020 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

வாடகை எவ்வளவு உயர்கிறது? பார்சிலோனாவைப் பற்றி 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தத் தளங்களின் வரவால் சராசரிப் பகுதியில் வாடகை 1.9 சதவீதமும், பயணிகள் மிகுதியாகத் தங்கும் பகுதிகளில் 7 சதவீதமும் உயர்ந்ததாகக் கணக்கிட்டது. அமெரிக்கா முழுமைக்குமான மற்றோர் ஆய்வு 2021-இல் வெளியானது. ஏர்பிஎன்பி பட்டியலில் வீடுகள் 1 சதவீதம் கூடினால் வாடகை 0.018 சதவீதமும் வீட்டின் விலை 0.026 சதவீதமும் உயரும் என்பது அதன் முடிவு. இவை சிறிய எண்களாகத் தோன்றலாம். ஆனால், பட்டியல் வேகமாகப் பெருகிய காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த அமெரிக்க ஆய்வில் அதிகம் பேசப்படாத முடிவு ஒன்று உண்டு. உரிமையாளர்களே குடியிருக்கும் வீடுகள் அதிகமுள்ள பகுதிகளில் வாடகை உயர்வின் அளவு குறைவாக இருந்தது. காரணம் எளிது. தாம் வாழும் வீட்டில் ஓர் அறையைப் பயணிக்குக் கொடுப்பவர், குடியிருக்க வீடு தேடும் எவருடைய வீட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அறை எப்படியும் வாடகைச் சந்தைக்கு வந்திருக்காது. வழிப்போக்கருக்குத் திண்ணையைக் கொடுப்பது வேறு. குடியிருந்தவரை வெளியேற்றிவிட்டு வீட்டையே வழிப்போக்கருக்குக் கொடுப்பது வேறு. உரிம விதிகளை எடைபோட இந்த வேறுபாடே முதல் உரைகல்.

நியூயார்க் மாநிலம் இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சட்டத்தில் எழுதியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களில், நிலையாகக் குடியிருப்பவர் உடன் இல்லாமல் 30 நாள்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்பதை 2010-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் தெளிவுபடுத்தியது. 2011 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் குழப்பம் இல்லை. ஆயினும், நகரில் இந்த வணிகம் வளர்ந்துகொண்டே போனது.

எவ்வளவு வளர்ந்தது என்பதை 2014-இல் அன்றைய மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மேன் வெளியிட்ட அறிக்கை காட்டியது. 2010 முதல் 2014-இன் நடுப்பகுதி வரையிலான ஏர்பிஎன்பி முன்பதிவுகளை அவரது அலுவலகம் ஆராய்ந்தது. வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் 72 சதவீதம் சட்டத்தை மீறியதாகவே தோன்றியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளை வைத்துத் தொழில் நடத்தியவர்கள், வாடகைக்கு விட்டோரில் வெறும் 6 சதவீதத்தினர். ஆனால், மொத்த வருவாயில் 37 சதவீதம் அவர்களுக்குச் சென்றது. ஒருவர் மட்டும் 272 வீடுகளை நடத்தி, 68 லட்சம் டாலர் ஈட்டியிருந்தார். உபரி அறையைப் பகிர்ந்து குடும்பச் செலவைச் சமாளிக்கும் எளியவர் என்ற விளம்பரப் படத்துக்குப் பின்னால், உரிமமில்லாத விடுதித் தொழில் ஒன்று இயங்கியதை அந்த அறிக்கை வெளிக்கொணர்ந்தது.

சட்டம் ஏன் செயல்படவில்லை? குற்றத் தடுப்பு பற்றிய பொருளியல் இதை எளிதாக விளக்கும். விதியை மீறலாமா என்று எண்ணுபவர் அபராதத் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. பிடிபடும் வாய்ப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறார். ஐயாயிரம் டாலர் அபராதமாக இருந்தாலும், பிடிபடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால் அவர் மனக்கணக்கில் அதன் சுமை ஐம்பது டாலர்தான். ஓர் இரவு வாடகையிலேயே அதற்கு மேல் கிடைத்துவிடும்.

பிடிபடும் வாய்ப்பு ஏன் குறைவு? முன்பதிவு செய்து முடிக்கும்வரை வீட்டின் துல்லியமான முகவரியைத் தளங்கள் காட்டுவதில்லை. நகர அதிகாரி முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். பயணி தங்கியிருக்கும் நாளில் அங்கே செல்ல வேண்டும். கதவைத் திறக்கும் பயணி உண்மையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு உழைப்பு என்றால், பல்லாயிரம் வீடுகளுக்கு எத்தனை அதிகாரிகளை நியமிப்பது? இத்தனை விவரங்களையும் விரல்நுனியில் வைத்திருந்தது ஒரே ஒரு தரப்புதான். முகவரியை அறிந்து, தேதியைக் குறித்து, பணத்தை வாங்கி, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை வீட்டுக்காரருக்கு அனுப்பும் முன்பதிவு தளமே அது. சட்டம் அதனிடம் எதையும் கேட்கவில்லை.

நகரமும் மாநிலமும் இந்த ஓட்டையை அடைக்க முயன்றன. சட்டவிரோத வீடுகளை விளம்பரம் செய்வதை 2016-இல் மாநிலம் தடைசெய்து, அபராதத்தை 7,500 டாலர் வரை உயர்த்தியது. வாடகைக்கு விடுவோரின் விவரங்களை மாதந்தோறும் தளங்கள் தர வேண்டும் என்று 2018-இல் மாநகர மன்றம் சட்டம் இயற்றியது. ஒட்டுமொத்தமாகத் தனிப்பட்ட தரவுகளைக் கேட்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணாகலாம் என்று கூறி, 2019 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடையைக் குறை கூறுவதற்கில்லை. குடிமக்களின் தரவுகளை அரசு மொத்தமாக அள்ளிக்கொள்வதைத் தடுப்பதும் நீதிமன்றத்தின் கடமைதான்.

இதன் பின்னர் பிறந்ததே 2022-ஆம் ஆண்டின் 18-ஆவது உள்ளாட்சிச் சட்டம். 2023 செப்டம்பர் 5 முதல் அது முழுமையாக அமலுக்கு வந்தது. 30 நாள்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர், 145 டாலர் கட்டணம் செலுத்தி மாநகரின் சிறப்பு அமலாக்க அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அவர் அந்த வீட்டிலேயே நிலையாகக் குடியிருக்க வேண்டும். பயணி தங்கும் நாள்களில் உடன் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. வீட்டின் உட்கதவுகளைப் பூட்டிப் பயணியைத் தனிமைப்படுத்தவும் கூடாது. கட்டட உரிமையாளர் விரும்பினால், தம் கட்டடத்தில் இத்தகைய வாடகைக்கே இடமில்லை என்று பட்டியலில் சேர்த்துவிடலாம்.

இந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை பழைய சட்டங்களில் ஏற்கெனவே இருந்தவை. புதியது ஒன்றுதான். பதிவு எண் உண்மையானதா என்று நகரின் மின்னணு அமைப்பில் சரிபார்க்காமல், எந்தத் தளமும் முன்பதிவுக்கான பணப் பரிமாற்றத்தை நடத்தக்கூடாது. மீறினால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தளம் 1,500 டாலர் வரை அபராதம் செலுத்த நேரிடும். பதிவு செய்யாமல் வீட்டை விடுபவருக்கு 5,000 டாலர் வரை அபராதம். இது நடைமுறையில் முழுத் தடைக்குச் சமம் என்று ஏர்பிஎன்பி தொடுத்த வழக்கை, 2023 ஆகஸ்டில் மாநில நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பன்னிரண்டு ஆண்டுகளாக நடக்காதது சில வாரங்களில் நடந்தது. இருபதாயிரத்துக்கு மேல் இருந்த குறுகிய கால வாடகைப் பதிவுகள் சில ஆயிரங்களாகச் சுருங்கின. நகரம் ஆயிரம் அதிகாரிகளைப் புதிதாக நியமிக்கவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டவும் இல்லை. பணம் கைமாறும் வாசலில் ஒரு பூட்டுப் போட்டது; அவ்வளவுதான்.

இது நியூயார்க்கில் மட்டும் கண்ட விந்தையன்று. சான் பிரான்சிஸ்கோ 2015-இலேயே பதிவைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலோர் பதிவு செய்யாமலே தொழிலைத் தொடர்ந்தனர். பதிவில்லாத வீடுகளுக்குத் தளங்களே பொறுப்பு என்று விதி மாறியது. நீதிமன்றம் சென்ற ஏர்பிஎன்பி, 2017-இல் நகருடன் உடன்பாடு செய்துகொண்டது. அந்த உடன்பாடு நடைமுறைக்கு வந்த 2018 ஜனவரியில் நகரின் பட்டியல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஜப்பானில் 2018 ஜூன் 15 அன்று புதிய சட்டம் அமலானது. ஆண்டுக்கு 180 நாள்கள் என்ற வரம்பையும் பதிவு எண்ணையும் அது கட்டாயமாக்கியது. எண் இல்லாத வீடுகளைத் தளமே நீக்க நேர்ந்ததால், அங்கே பட்டியலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மறைந்தது. மூன்று வெவ்வேறு இடங்களில் ஒரே பாடம் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் நியூயார்க்கில் வாடகை குறைந்ததா? குறையவில்லை. இதை வைத்துச் சட்டமே தோற்றுவிட்டது என்று தளங்கள் வாதிடுகின்றன. கணக்கைப் பார்த்தால் உண்மை நடுவில் இருப்பது தெரியும். நகரில் வாடகைக் குடியிருப்புகள் மட்டும் 23 லட்சத்துக்கும் மேல். அவற்றோடு ஒப்பிட்டால் இருபதாயிரம் என்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதி, முழு வீடாக இல்லாமல் வெறும் அறைகள். பல உரிமையாளர்கள் குறைந்தபட்சத் தங்கலை 30 நாள்களாக மாற்றிக்கொண்டு சட்டத்தின் எல்லைக்கு வெளியே சென்றனர். இவ்வளவு சிறிய அளவைக் கொண்டு முழு நகரத்தின் வாடகையையும் இறக்கிவிட முடியும் என்று எதிர்பார்ப்பது பிழை. உரிமச் சட்டத்தை ஆதரித்த அரசியல்வாதிகள் சிலர் அந்த எதிர்பார்ப்பை வளர்த்ததும் பிழையே.

ஆனால், அதே எண்ணை வேறோர் எண்ணின் அருகில் வைத்தும் பார்க்க வேண்டும். 2023-இல் நகரம் நடத்திய கணக்கெடுப்பில், வாடகைக்குக் காலியாக இருந்த குடியிருப்புகள் 1.41 சதவீதம் மட்டுமே. 1968-க்குப் பிறகு இதுவே மிகக் குறைவு. எண்ணிக்கையில் சொன்னால் ஏறத்தாழ 33,000 வீடுகள். வீடு தேடி அலையும் குடும்பத்துக்கு 23 லட்சம் என்ற எண்ணால் பயனில்லை. அந்த வீடுகளில் ஏற்கெனவே வேறு குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்கு எட்டக்கூடியது இந்த 33,000 மட்டுமே. அதில் சில ஆயிரம் வீடுகள் கூடுவதும் குறைவதும் சிறிய செய்தியன்று. உரிம விதி வாடகையைக் குறைக்கும் மருந்தாகாது. இருப்பதும் கரைந்து போகாமல் காக்கும் கரையாகலாம். வாடகை இறங்க வேண்டுமானால் புதிய வீடுகள் கட்டப்பட வேண்டும். அதற்கு மாற்று வழி எதுவும் இல்லை.

சட்டத்தால் நட்டமடைந்தவர்களையும் மறந்துவிடக்கூடாது. ஒன்று அல்லது இரண்டு குடியிருப்புகள் மட்டுமே கொண்ட சிறிய வீடுகளின் உரிமையாளர்கள் நியூயார்க்கின் புறப்பகுதிகளில் பலர் உள்ளனர். கீழ்த்தளத்தைப் பயணிகளுக்கு விட்டு, அந்த வருவாயில் வீட்டுக்கடன் தவணையைச் செலுத்தியவர்கள் அவர்களில் உண்டு. 272 வீடுகளை நடத்தியவரைக் குறிவைத்த விதி, இவர்களையும் சேர்த்துக் கட்டியது. குழந்தையுடன் வரும் தம்பதிக்கு இடமளிக்க முடியாதபடி, இருவர் மட்டுமே தங்கலாம் என்ற வரம்பு எந்தப் பொதுநலனைக் காக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். சிறிய வீடுகளுக்கு விதியைத் தளர்த்தும் மசோதா ஒன்று 2024-இல் மாநகர மன்றத்தில் கொண்டுவரப்பட்டது. விடுதிக் கட்டணங்கள் உயர்ந்ததும் உண்மை. நாட்டுக்குள் புதிதாக வந்த புலம்பெயர்ந்தோரைத் தங்கவைக்க நகரம் பல விடுதிகளை எடுத்துக்கொண்டதும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்பதால், முழுப் பழியையும் உரிமச் சட்டத்தின் மீது போடுவதற்கில்லை.

சரிபார்ப்பில் நியூயார்க் முன்மாதிரி என்றால், வகைப்படுத்துவதில் ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். அங்கே 2022-ஆம் ஆண்டின் ஆணைப்படி, ஏற்கெனவே தொழிலில் இருந்தோர் 2023 அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தாம் வாழும் வீட்டில் அறையை விடுதல், தாம் வெளியூர் செல்லும்போது வீட்டை விடுதல், இவ்விரண்டும் சேர்ந்தது, தாம் வாழாத வீட்டை விடுதல் என நான்கு வகை உரிமங்கள் உள்ளன. எரிவாயு, மின்சாரம், தீப் பாதுகாப்பு ஆகியவை நான்கு வகைக்கும் பொது. வீட்டுவசதி பற்றிய கவலையோ பெரும்பாலும் நான்காம் வகைக்கு உரியது. பாதுகாப்புக்காக எல்லோரையும் ஒன்றாகவும், வீட்டுவசதிக்காக வேறுவேறாகவும் நடத்தும் இந்தப் பகுப்பு அறிவார்ந்தது.

அங்கும் நகராட்சி எல்லை மீறியபோது நீதிமன்றம் குறுக்கிட்டது. பொதுப் படிக்கட்டு கொண்ட அடுக்குமாடிக் கட்டடங்களில் நான்காம் வகை உரிமத்துக்குத் தகுதியில்லை என்று எடின்பரோ நகராட்சி முன்கூட்டியே அனுமானித்துக்கொண்டது. 2023 ஜூனில் அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமம் வழங்கும் அதிகாரம், விண்ணப்பத்தைப் படிக்கும் முன்பே மறுக்கும் அதிகாரமாகிவிடக்கூடாது.

எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. பார்சிலோனா 2014 முதல் புதிய சுற்றுலா வாடகை உரிமங்கள் வழங்குவதை நிறுத்தியது. ஏற்கெனவே உரிமம் பெற்றிருந்த 10,101 வீடுகளுக்குப் போட்டி நின்றுபோனது. வழங்கல் நின்றுவிட்ட உரிமம் தானே ஒரு சொத்தாகிவிடும். உரிமம் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் விலையில் இடைவெளி தோன்றும். பொதுநலனுக்காக விதித்த வரம்பு, முதலில் வந்தவர்களுக்குக் கிடைத்த பரிசாக முடியும். இறுதியில் அந்த உரிமங்கள் எதையும் புதுப்பிப்பதில்லை, 2028 நவம்பருக்குள் அனைத்தும் முடிவுக்கு வரும் என்று மேயர் ஜவுமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். இதற்கு அடிப்படையான கடலோனிய ஆணைச் சட்டம் செல்லும் என்று ஸ்பெயின் அரசமைப்பு நீதிமன்றமும் 2025-இல் கூறிவிட்டது. குறிப்பிட்ட கால அளவும், காலம் முடிந்ததும் மறுபங்கீடும் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்தால், எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒழிக்கும் நிலை வந்திருக்காது என்றே தோன்றுகிறது.

இந்த அனுபவங்களின் சாரத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஓர் ஒழுங்குமுறையாக்கியது. உரிமத்தின் நிபந்தனைகளை அந்தந்த நகரங்களே முடிவு செய்யலாம். ஆனால், பதிவு எண் கேட்கும் இடங்களில் தளங்கள் அந்த எண்ணைக் காட்டச் செய்ய வேண்டும்; அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்; தங்கிய இரவுகளின் எண்ணிக்கையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2026 மே 20 முதல் இது நடைமுறைக்கு வரும் என்று அந்த ஒழுங்குமுறை நாள் குறித்தது.

நம் நாட்டில் நிலை என்ன? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டம், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் ஆறு அறைகள் வரை தரவகைச் சான்று வழங்குகிறது. திண்ணைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அது அறிந்திருக்கிறது. ஆனால், அது விருப்பத் திட்டம். சான்று பெறாதவரையும் தளங்கள் பட்டியலில் சேர்க்கலாம். கோவா 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது; மற்ற மாநிலங்களில் விதிகள் பலவாறாக உள்ளன. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் வீட்டுக்காரர் மீதே உள்ளது.

அதே வேளையில், வரி விஷயத்தில் நாம் தளங்களைப் பொறுப்பாக்கிவிட்டோம். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின் 5-ஆவது உட்பிரிவின்படி, வரிப் பதிவு பெறத் தேவையில்லாத சிறியவர் இணையதளம் வழியாகத் தங்கும் இடத்தை வாடகைக்கு விட்டால், அதற்கான வரியைத் தளமே செலுத்த வேண்டும். லட்சக்கணக்கான சிறியவர்களைத் துரத்துவதைவிட, பணம் கடந்து செல்லும் சில நிறுவனங்களிடம் பெறுவது எளிது என்பதே இதன் தத்துவம். நியூயார்க் கண்டறிந்த அதே தத்துவம் இது. வருவாய்க்காக ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பாதுகாப்புக்காகவும் வீட்டுவசதிக்காகவும் ஏற்றுக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை.

நம் மலை வாழிடங்களில் இதன் தேவை இன்னும் வெளிப்படையானது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்குச் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. மலை தாங்கக்கூடிய கூட்டம் எவ்வளவு என்பதே அங்கே எழுந்த அடிப்படைக் கேள்வி. சாலையில் செல்லும் வாகனங்களைச் சோதனைச்சாவடியில் எண்ணிவிடலாம். இரவு தங்கும் அறைகளில் எத்தனை வீடுகளுக்குள் இருக்கின்றன என்பது தெரியாமல், தண்ணீர்த் தேவையையோ குப்பையின் அளவையோ எவராலும் சரியாகக் கணக்கிட முடியாது.

எனவே, இங்கே விதி வகுப்போர் மூன்றைக் கருத்தில் கொள்வது நல்லது. தாம் வாழும் வீட்டில் அறையை விடுபவருக்குக் குறைந்த கட்டணத்தில், ஒரே படிவத்தில், பாதுகாப்பு நிபந்தனைகளுடன் எளிய பதிவு போதும். குடியிருப்புகளை மொத்தமாக எடுத்து நாள் வாடகைக்கு விடுபவர் விடுதி நடத்துபவரே. அவருக்கு விடுதிக்கான உரிமமும் கால வரம்பும் வேண்டும். இரு சாராருக்கும் பதிவு எண் ஒன்று. அந்த எண்ணைச் சரிபார்க்காமல் எந்தத் தளமும் பணம் பெறக்கூடாது.

இந்த மூன்றாவது நிபந்தனை இல்லாமல் முதல் இரண்டை மட்டும் இயற்றினால் என்ன நேரும் என்பதை நியூயார்க்கின் பன்னிரண்டு ஆண்டுகள் காட்டிவிட்டன. நேர்மையானவர் வரிசையில் நின்று உரிமம் வாங்குவார், கட்டணமும் செலுத்துவார். மற்றவர் எதுவும் செய்யாமல் அவரைவிடக் குறைந்த வாடகைக்கு வீட்டை விடுவார். விதியை மதிப்பவருக்கு மட்டும் செலவு வைக்கும் விதி, மீறுபவருக்குத் தரும் மானியமாகிவிடும். அத்தகைய விதியை இயற்றுவதைவிட இயற்றாமல் இருப்பதே மேல்.